மாஸ்கோ குளிரில் பிறந்த பெட்டி

இந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. உள்ளே வைக்கவும் ஒன்றும் கிடையாது. சுற்றிலும் பலகை அடித்து, மேலே கால் வழுக்காதபடி ரப்பர் ஒட்டியிருப்பார்கள். இரும்புச் சட்டத்தை வெல்டிங் வைத்து மேலே பலகை போட்டதும் உண்டு. அதன் மேல் ஏறி நிற்க வேண்டும், ஒரு காலை முன்னால் நீட்டிக் கீழே இறங்க வேண்டும், பாதம் தரையைத் தொட்டதோ இல்லையோ உடனே மேலே எழும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை. தடுப்பாட்டக்காரரை முதல் மூன்று எட்டிலேயே கழற்றிவிட்டுப் போகிற முன்கள வீரன், கார்னர் கிக் வரும்போது மற்றவர்களின் தோளுக்கு மேலே தலை தெரிய எழும்புகிறவன், பந்து திசை மாறிய கணத்தில் தானும் பாய்கிற கோல்கீப்பர் ஆகியோரின் காலில் இருக்கும் வெடிப்புக்கு, அதாவது கண நேரத்தில் வெளிப்படும் பலத்துக்கு, பின்னால் இன்று பெரும்பாலும் இந்தப் பெட்டி இருக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் அதன் பிள்ளையோ பேரப்பிள்ளையோ ஆன ஒரு பயிற்சி இருக்கிறது.

எங்கள் குமரி மாவட்டத்துத் தோவாளை என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூ. விடியும் முன்பே பிச்சியும் அரளியும் சம்பங்கியும் குவிகிற சந்தை, கேரளத்துக்குக் கிளம்புகிற வண்டிகள், ஓணத்துக்கு முந்தைய நாட்களின் நெரிசல். கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் காய்ந்துவிட்டால் பையன்களுக்கு அதுதான் மைதானம். இரண்டு கம்பை நட்டுக் கோல் போஸ்ட் ஆக்கிவிடுவார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பந்தைத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோகும். அதையும் கணக்குப் போட்டு ஆடப் பழகியவர்கள் இவர்கள். இப்போது செல்போன் வழியாக இந்தப் பெட்டியும் இவர்களிடம் வந்துவிட்டது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது பிறந்த இடத்தில் அதோடு சேர்ந்து சில விதிகளும் பிறந்தன. வழிநெடுக ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதியாக உதிர்ந்துபோய், வெறும் பலகை மட்டும் தோவாளை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அது வந்த வழியைச் சொன்னால்தான் உதிர்ந்தது என்ன என்று தெரியும்.

1950களின் கடைசி. மாஸ்கோவில் யூரி வெர்கொஷான்ஸ்கி என்ற இளம் பயிற்சியாளர் கல்லூரி மாணவர்களுக்குத் தடகளம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மும்முறைத் தாண்டுதல்தான் அவர் மனம் ஒன்றிய போட்டி. மாஸ்கோவில் பனிக்காலம் என்றால் மைதானம் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். உள்ளரங்கில் இவர் பிள்ளைகளுக்கு ஓடித் தாண்ட இடம் கிடைக்கவில்லை. கிடைத்த குறுகிய இடத்தில் பார்பெல்லை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் வசந்தம் வந்து மைதானத்துக்குத் திரும்பியபோது எல்லாருடைய தாண்டலும் கூடியிருந்தது.

அங்கிருந்துதான் அவருக்கு ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. மும்முறைத் தாண்டுதலில் கடைசித் தாண்டலுக்குக் கால் ஊன்றும்போது அந்த ஒற்றைக் காலின் மீது சுமார் 300 கிலோ பாரம் இறங்குகிறது என்று கணக்கிட்டார். அப்படியானால் அந்த அளவுக்குக் காலைத் தயார்ப்படுத்த வேண்டும். தோளில் கனமான பார்பெல்லை ஏற்றி அரைப் பஸ்கி போட வைத்தார். முதுகு தாங்கவில்லை, பையன்கள் வலி என்றார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பாரத்தைத் தோளில் ஏற்றாமல், ஆளையே உயரத்தில் ஏற்றினால் என்ன? மேலிருந்து இறங்கும் உடம்பு தரையைத் தொடும் அந்த ஒரு கணத்தில் அதன் எடையே பலமடங்கு பாரமாகிவிடும். முதுகுத்தண்டில் இரும்பு இல்லை, தோளில் தழும்பு இல்லை. கால் மட்டும் அந்த அதிர்ச்சியை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘ஆழக் குதி’ என்றும், அதை மையமாகக் கொண்ட முறையை ‘அதிர்ச்சி முறை’ என்றும் சொன்னார்.

பெட்டி பிறந்தது அப்படித்தான். கூடவே விதிகளும் பிறந்தன. பயிற்சி பெற்ற வீரர்களுக்கு அவர் வைத்த உயரம் இரண்டு: வேகத்தை வளர்க்க 75 சென்டிமீட்டர், உச்ச பலத்தை வளர்க்க 110 சென்டிமீட்டர். நம் பூச்சந்தைக் கணக்கில் சொன்னால் முதலாவது ஒன்றே முக்கால் முழத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது இரண்டரை முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு தடவைக்குப் பத்து குதி, அப்படி நாலு தடவை. நடுவில் நன்றாக ஓய்வு. ஒரு நாளைக்கு 40க்கு மேல் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். போட்டிக்கு முந்தைய நாட்களில் அறவே வேண்டாம். பெட்டியில் ஏறுவதற்கு முன் பார்பெல்லாலும் சாதாரணத் தாவல்களாலும் பல மாதம் காலைப் பக்குவப்படுத்தியிருக்க வேண்டும். இது பிஞ்சுக் கால்களுக்கான மருந்தல்ல என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1967இல் ஆழக் குதிகளால் பயன் உண்டா என்று கேள்வியாகவே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தன் கண்டுபிடிப்பைத் தானே கேள்வி கேட்டுப் பார்த்த அந்த மனநிலை எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தக் குதியில் காலுக்குள் நடப்பது என்ன என்பதை அதே 1960களில் இத்தாலியில் ஜொவானி கவாஞ்ஞா என்ற உடலியல் அறிஞர் விளக்கிக்கொண்டிருந்தார். சுருங்கப்போகும் தசையை அதற்குச் சற்று முன் இழுத்துவிட்டால், அது தானாகச் சுருங்குவதைவிட அதிக வேலை செய்கிறது. இழுபட்ட தசைநாரில், முக்கியமாகக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தடித்த நாரில், ஆற்றல் சேர்ந்து உடனே திரும்பி வருகிறது. ‘உடனே’ என்பதுதான் இதில் உயிர். இறங்கி, நின்று, யோசித்து எழும்பினால் சேர்ந்த ஆற்றல் சூடாகி வீணாகிவிடும். வேகமாக ஓடும்போது பாதம் தரையில் இருப்பது சுமார் பத்தில் ஒரு விநாடி. தசை தன் முழுப் பலத்தையும் திரட்ட அதைப்போல மூன்று மடங்கு நேரமாவது வேண்டும். ஆகவே மைதானத்தில் ஒருவன் எவ்வளவு பலசாலி என்பது மட்டும் போதாது, அந்தப் பலத்தில் எவ்வளவை அந்தப் பத்தில் ஒரு விநாடிக்குள் எடுத்துக் கொடுக்கிறான் என்பதே கேள்வி.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கணவாயைத் தாண்டினால் பணகுடி அருகே வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய உருண்டைக் கல்லை முழங்காலில் ஏற்றி, நெஞ்சில் ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் விடுகிற ஆட்களைப் பார்த்தவர்களுக்குப் பலம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பலம் அடித்தளம். அது இல்லாமல் பெட்டி பயன்படாது. ஆனால் கல் நேரம் கொடுக்கும், பந்து கொடுக்காது. கல் தூக்குகிறவனுக்கும் கால்பந்து ஆடுகிறவனுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை அடைக்கத்தான் வெர்கொஷான்ஸ்கியின் பெட்டி.

பெட்டி சோவியத் எல்லையைக் கடந்தது காகிதமாகத்தான். அமெரிக்காவில் மைக்கேல் யெஸ்ஸிஸ் என்ற பேராசிரியர் 1966 முதல் சோவியத் விளையாட்டு ஆய்வுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு பத்திரிகை நடத்தினார். வெர்கொஷான்ஸ்கியின் கட்டுரை 1969இல் அதில் வந்தது. படித்தவர்கள் சொற்பம். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் வலேரி போர்ஸோவ் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வாங்கியதும் நிலைமை மாறியது. குறுந்தூர ஓட்டம் அமெரிக்காவின் சொத்து என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. அந்த சோவியத் வீரர் என்ன பயிற்சி செய்தார் என்று தேடத் தொடங்கினார்கள். சோவியத் வீரர்கள் போட்டிக்கு முன் குதித்துக் குதித்து உடம்பைத் தயார் செய்வதைக் கவனித்திருந்த அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபிரெட் வில்ட், 1975இல் இந்தப் பயிற்சிகளுக்கு ‘பிளையோமெட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் சரக்கு வேகமாக ஓடியது. கூடைப்பந்து, வாலிபால், அமெரிக்கக் கால்பந்து என்று எல்லா இடத்துக்கும் போனது.

முதல் விதி அங்கேயே உதிர்ந்தது. பல மாதப் பார்பெல் தயாரிப்பு என்ற பகுதியை அவசரக்காரர்கள் விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் 2000க்குப் பின் வந்தது. கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி அலை பெட்டியைக் கையில் எடுத்தது. ஆண்களுக்கு 24 அங்குலம், பெண்களுக்கு 20 அங்குலம் என்று அளவு வைத்து, கீழிருந்து மேலே குதிக்கச் சொன்னது. மூச்சு வாங்க வாங்க, கடிகாரத்தோடு போட்டி போட்டு, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னது. வெர்கொஷான்ஸ்கியின் பெட்டி மேலிருந்து கீழே இறங்குவதற்கானது. இறங்கும்போது கிடைக்கும் அதிர்ச்சிதான் மருந்து. இதிலோ அந்த மருந்தே இல்லை. கீழிருந்து மேலே ஏறிக் குதிப்பது தவறான பயிற்சி அல்ல; தரையில் மோதும் வேகம் குறைவு என்பதால் புதியவர்களுக்கு அது நல்லதும்கூட. ஆனால் அது வேறு பயிற்சி. களைத்த காலோடு நூறு தடவை குதிப்பது நுரையீரலுக்கு வேலை, வெடிப்புக்கு அல்ல. களைத்தவனின் பாதம் தரையில் கூடுதல் நேரம் தங்குகிறது. கூடுதல் நேரம் தங்கத் தங்க, மெதுவாக எழும்பத்தான் உடம்பு பழகுகிறது. இன்று செல்போனில் பையன்கள் பார்ப்பது பெரும்பாலும் இப்படித் தலைகீழான பெட்டியைத்தான்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே பெட்டியும் பார்பெல்லும் பிரியவில்லை. 2004இல் நார்வே ஆய்வாளர் உல்ரிக் விஸ்லாஃபும் கூட்டாளிகளும் ட்ரோன்ஹெய்ம் நகரின் ரோசன்போர்க் கால்பந்துக் குழுவின் 17 வீரர்களைச் சோதித்தார்கள். அரைப் பஸ்கியில் அதிகம் தூக்கியவர்களே 10 மீட்டர் ஓட்டத்தில் முந்தினார்கள், உயரமாகவும் எழும்பினார்கள். இளவட்டக்கல்லும் பெட்டியும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியாது. ஜெர்மனியில் ஒலிவர் ஃபவுடேவும் கூட்டாளிகளும் பண்டஸ்லிகாவின் 360 கோல்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து 2012இல் எழுதினார்கள். ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட கோல்களுக்குச் சற்று முன்னால் ஒரு வெடிப்பான அசைவு இருந்தது. கோல் போட்டவரைப் பொறுத்தவரை அதிகம் காணப்பட்டது நேர்க்கோட்டில் ஒரு குறுவேக ஓட்டம். ஏறக்குறைய பாதிக் கோல்களுக்கு முன் அதுதான். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் வீரர் பத்துக் கிலோமீட்டர் ஓடினாலும் முடிவைத் தீர்மானிப்பது இந்தச் சில விநாடிகள்.

வெர்கொஷான்ஸ்கி தன் கடைசிக் காலத்தை இத்தாலியில் கழித்தார். அங்குள்ள ஒலிம்பிக் கமிட்டிக்கு ஆலோசகராக இருந்து, 2010இல் ரோமில் காலமானார். அவர் அங்கே இருந்த காலத்திலேயே இத்தாலியிலிருந்து நம் குமரிக் கடற்கரைக்காகவே செய்தது போன்ற ஓர் ஆய்வு வந்தது. ஃபிராங்கோ இம்பெல்லிஸேரியும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்டது அது. கால்பந்து வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைப் புல்தரையிலும் மற்றொன்றை மணலிலும் நான்கு வாரம் குதிக்க வைத்தார்கள். ஓட்ட வேகம் இரு குழுவுக்கும் ஒரே மாதிரி கூடியது. மணலில் குதித்தவர்களுக்கு வலி குறைவு. ஆனால் தாழ்ந்து உடனே எழும்பும் அந்தச் சுருள்வில் திறன் புல்தரையில் குதித்தவர்களுக்குத்தான் அதிகம் வளர்ந்தது. மணல் உதையை விழுங்கிவிடுகிறது, அதனால் தசைநாருக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீரோடி வரை போகும் கடற்கரைக் கிராமங்களில் கால்பந்து விளையாட்டு மட்டுமல்ல, ஊரின் மூச்சு. ஆழ்கடலுக்குப் போய்வரும் தகப்பன்மாரின் பிள்ளைகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து மணலில் பந்தோடு ஓடுகிறார்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்துதான் சென்னை சிட்டி அணியின் தலைவராகி, ஜாம்ஷெட்பூர் வழியாக ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆன ஏ.டி.கே. வரை போனார், 2019இல் இந்தியாவுக்கும் ஆடினார். இடது ஓரத்தில் பந்தை வாங்கிய மறுகணமே அவர் எடுக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள், அது வெறும் கூடத்துப் பயிற்சியில் வந்ததல்ல என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். தொடக்க ஆட்டத்திலேயே முழங்கால் காயம் அவரை வெளியே கொண்டுபோனது; அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. வேகமான கால்தான் விலைமதிப்புள்ள கால், காயத்துக்கும் அதுதான் முதலில் ஆளாகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளைப் பெட்டி மீது ஏற்ற வேண்டும்.

பெட்டி இந்தியாவுக்குள் வந்தது கால்பந்து வழியாக அல்ல, தடகளம் வழியாக. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கு அதற்கு முன்பே ஒரு வீடு இருந்தது: 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் விசிலோடு நின்ற எத்தனையோ பி.டி. சார்மார் அந்தக் கல்லூரியின் வழி வந்தவர்கள். பயிற்சியாளர்களுக்கான தேசிய நிறுவனம் 1961இல் பாட்டியாலாவில், பழைய மோதிபாக் அரண்மனையில் தொடங்கியது. சோவியத் பயிற்சி நூல்களும் முறைகளும் அங்கே பாடமாகி, பட்டயம் வாங்கியவர்களின் நோட்டுகளில் ஏறி மாநிலங்களுக்குப் பரவின.

அந்த முறைகளின் அருமை தெரிய ஒரு பழைய காயத்தை நினைத்துப் பார்க்கலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் பதக்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்ட இந்திய இளைஞர் ஹென்றி ரெபெல்லோ. இறுதிப் போட்டியில் அவர் முறை வந்த நேரத்தில் குளிரில் காத்திருக்க வேண்டியதாயிற்று. உடம்பு ஆறிப்போய்த் தாண்டினார். தொடைப் பின்தசை கிழிந்தது. வெடிக்கும் தசைக்குச் சூடும் தயாரிப்பும் எவ்வளவு முக்கியம் என்று இதைவிடக் கசப்பாக யாரும் பாடம் நடத்த முடியாது.

இன்று அதே போட்டியில் தேசிய சாதனை தமிழ்நாட்டின் பிரவீன் சித்திரவேலுடையது: 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர். அதே ஆண்டு மார்ச்சில் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின், தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர். இருவரையும் பயிற்றுவித்தவர் கியூபாவின் யோந்திரி பெத்தான்சோஸ், உலகப் போட்டிகளில் இருமுறை வெள்ளி வாங்கிய மும்முறைத் தாண்டல் வீரர். சோவியத் பயிற்சி முறைகளை உள்வாங்கி வளர்ந்த நாடு கியூபா. மாஸ்கோவின் பனியில் தொடங்கிய ஒரு யோசனை கரீபியக் கடலைச் சுற்றிக்கொண்டு நம் தென்கோடிப் பையன்களின் கால் வரை வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது. அந்தப் பையன்கள் கையில் பெட்டி விதிகளோடு வந்தது. எத்தனை குதி, எவ்வளவு ஓய்வு, எப்போது நிறுத்த வேண்டும் என்று எண்ணிச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நின்றார்.

தோவாளை வயல்வெளிப் பையனுக்கு அந்த ஆள் இல்லை. அவன் குதிப்பதைக் கிட்டே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடுப்பளவு உயரத்திலிருந்து குதிக்கிறான். குதிகால் முதலில் தரையில் இடித்துத் ‘தொம்’ என்று சத்தம் கேட்கிறது. முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்துச் சாய்கின்றன. கைகள் தொடையில் ஊன்றுகின்றன. பிறகு நிமிர்ந்து, மூச்சு வாங்கி, மேலே ஒரு குதி. வலி தெரிகிற வயதில்லை. கூட்டாளிகள் வேறு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல குதியின் சத்தம் வேறு. முன்பாதம் படிந்து ‘டப்’ என்று ஒரே ஒரு சிறு ஓசை, அதற்குள் கால் மேலே போயிருக்கும், உச்சி வெயிலில் சுடுமணலில் கால் வைத்தவன் எடுப்பதைப் போல. பி.டி. சார் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எவன் சரியாகக் குதிக்கிறான் என்று காதாலேயே சொல்லிவிடலாம்.

இதைவிட எனக்கு வேதனை தருவது, குதியைத் தண்டனையாக்கும் பழக்கம். பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் தவளைப் பாய்ச்சல். தோற்றால் மைதானத்தைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல். “லே மக்கா, இன்னொரு இருபது போடு, அப்பதான் கால் உறுதியாகும்” என்று அன்போடு சொல்லும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். சொல்பவருக்குப் பிள்ளை மீது பிரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆழக் குனிந்த முழங்காலோடு, களைத்த பிறகு, எண்ணிக்கை இல்லாமல் குதிப்பது கால் உறுதிக்கான வழியல்ல. வெடிப்பு களைக்காத காலில்தான் வளரும். பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பு சூடான உடனே, மனம் விழிப்பாக இருக்கும்போது செய்ய வேண்டியதைக் கடைசியில் தண்டனையாகச் செய்ய வைத்தால், தண்டனை மட்டும்தான் மிஞ்சும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2018இல் தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு வென்ற பிறகு நம் பள்ளிகளில் பந்தை எடுக்கும் பெண் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், கூட வேண்டும். ஆனால் முழங்காலின் உள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட இவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. நல்ல செய்தியும் உண்டு. ஃபிஃபா 2006இல் கொண்டுவந்த ‘11+’ என்ற இருபது நிமிடத் தயார்ப் பயிற்சியை நார்வேயில் 125 குழுக்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது: அதைச் செய்த குழுக்களில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதற்குப் பெட்டிகூட வேண்டாம். ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், தொடைப் பின்தசைக்கான பயிற்சி, இறங்கும்போது முழங்கால் கட்டைவிரலின் திசையிலேயே நிற்கும்படி குதித்தல் — இவ்வளவுதான். ஒரு செலவும் இல்லை.

எனவே என் வேண்டுகோள் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள் என்பதல்ல. அதன் விதிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான். முதல் இரண்டு மாதம் பெட்டியே வேண்டாம். பஸ்கி, ஒற்றைக்கால் பஸ்கி, தோளில் மணல் மூட்டையோடு பஸ்கி, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள மண்டியிட்டு மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி. கூடவே, நின்ற இடத்திலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்கி அப்படியே அசையாமல் நிற்கப் பழகட்டும். முழங்கால் உள்ளே சாயாமல் நிற்கத் தெரிந்த பிறகு பெட்டி. பள்ளிப் பிள்ளைக்கு முக்கால் முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம், அதாவது ஓரடி, தாராளமாகப் போதும். ஐந்து குதி, இரண்டு நிமிட ஓய்வு. அப்படி நாலு தடவை. ‘டப்’ சத்தம் ‘தொம்’ என்று மாறிய கணத்தில் அன்றைய கணக்கு முடிந்தது, எண்ணிக்கை மிச்சமிருந்தாலும் சரி. அடுத்த முறை மூன்று நாள் கழித்து. ஆட்டத்துக்கு முந்தைய நாள் கிடையாது. கடற்கரைப் பிள்ளைகள் மணலில் செய்வதைத் தொடரட்டும், ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது இறுகிய புல்தரைக்கு வரட்டும். நெல் அறுத்த வயல் என்றால் கட்டைத்தாள் குத்தாத இடமாகப் பார்த்து, மண் கெட்டியாக இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

பள்ளிக்கோ கிளப்புக்கோ பெட்டி செய்யச் சொல்லித் தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ கொடுக்கும் பி.டி. ஆசிரியர்களே, கிளப்பை நடத்தும் அண்ணன்மாரே, இன்னும் ஐம்பது ரூபாய் கூடுதலாகச் செலவு செய்து ஒரு பெயிண்டரையும் கூப்பிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில், பிள்ளைகள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்: ‘மேலிருந்து கீழே. ஒரு நாளைக்கு 20. வாரத்துக்கு 2 நாள். தண்டனைக்கு அல்ல.’